முடிவில்லாக் கதையை முடித்துவைத்த படம்

வோல்ஃப்காங் பீட்டர்சன் நெறிப்படுத்திய ‘தி நெவர் எண்டிங் ஸ்டோரி’ (1984) தொடங்கிச் சில நிமிடங்களில் ஒரு காலைச் சாப்பாட்டு மேசை வருகிறது. தாயை இழந்த சிறுவன் பஸ்தியான் ஒரு பக்கம், அவனுடைய தகப்பன் மறுபக்கம். தாயைக் கனவில் கண்டதாக மகன் சொல்கிறான். தகப்பனுக்கு அந்தப் பேச்சை நீட்டிக்க விருப்பமில்லை. கனவுகளை விட்டுவிட்டு நடக்கிற காரியத்தைப் பார்க்க வேண்டும் என்று புத்தி சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விடுகிறார். அதற்குப் பிறகு ஒன்றரை மணித்தியாலத்துக்குக் கிட்டப் படம் ஓடுகிறது. அந்தத் தகப்பன் திரும்பி வருவதேயில்லை.

இதை ஒரு குறையாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. வெள்ளை டிராகன் முகில்களுக்குள் பறக்கும்போது, கல்லைத் தின்னும் பூதம் திரையை நிறைக்கும்போது, வேலைக்குப் போன மனிசனை யார் தேடப் போகிறார்கள்? ஆனால் படத்துக்கு மூலமான நாவலை முழுதாக வாசித்தவருக்கு அந்த வெற்று நாற்காலி உறுத்தாமல் இராது. மைக்கல் எண்டே எழுதிய ‘முடிவில்லாக் கதை’ அந்தத் தகப்பனிடம் திரும்பிச் செல்வதற்காகவே எழுதப்பட்ட நாவல். அவரை மறந்ததன் மூலம் படம், நாவல் எதைப் பற்றியது என்பதையே மறந்துவிட்டது. இதுவே இக்கட்டுரையின் வாதம். எண்டேயின் ஏனைய நூல்களையும் பக்கத்தில் வைத்து வாசித்தால் இது இன்னும் தெளிவாகும்.

எழுத்தாளர்

எண்டே 1929இல் தென் ஜேர்மனியின் கார்மிஷ் என்ற ஊரில் பிறந்தார். தகப்பன் எட்கார் எண்டே சர்ரியலிச ஓவியர். 1936இல் நாஸி ஆட்சி அவரை ஓவியத் தொழில் செய்ய விடாமல் தடை விதித்தது. 1944இல் மியூனிக் நகரில் குண்டு விழுந்தபோது அவருடைய ஓவியங்களில் பெரும்பகுதி அழிந்து போயிற்று. போரின் கடைசி மாதங்களில், பதினைந்தே வயதான மைக்கலுக்குப் படையில் சேரும்படி உத்தரவு வந்தது. அதைக் கிழித்துப் போட்டுவிட்டுத் தாயிடம் ஓடிப் போனார். ஓர் அரசு தன் மக்களுக்குப் பொய்யை அன்றாட உணவாக ஊட்டிய காலத்தில் வளர்ந்த பிள்ளை அவர். அவருடைய கற்பனைக் கதைகளில் பொய்யைப் பற்றிய அச்சம் ஏன் இவ்வளவு ஆழமாக இருக்கிறது என்பது இதிலிருந்து விளங்கும்.

முதல் நாவலான ‘ஜிம் நொப்’ பல பதிப்பகங்களால் திருப்பியனுப்பப்பட்டு, கடைசியில் 1960இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டே ஜேர்மன் இளையோர் இலக்கியப் பரிசைப் பெற்றது. 1973இல் ‘மோமோ’, 1979இல் ‘முடிவில்லாக் கதை’. இடையில், 1971இல், ரோமுக்கு அருகிலுள்ள ஜென்சானோ என்ற ஊரில் குடியேறியிருந்தார். அந்நாளைய ஜேர்மன் இலக்கியச் சூழலில் சமூகத்தை நேரடியாகப் பேசும் எழுத்துக்கே மரியாதை. கற்பனைக் கதை எழுதுபவன் நிஜத்தை எதிர்கொள்ள ஏலாமல் தப்பியோடுகிறவன். இந்தக் குற்றச்சாட்டு எண்டேயை நெடுநாள் துரத்தியது. அதற்கு அவர் கொடுத்த நீண்ட பதில் என்றும் ‘முடிவில்லாக் கதை’யைச் சொல்லலாம். தப்பியோடும் நோக்கத்தோடு ஒரு புத்தகத்துக்குள் நுழையும் பையன் அங்கே என்ன ஆகிறான் என்பதை அது 26 அத்தியாயங்களில் காட்டுகிறது.

அந்த 26 என்ற எண்ணிக்கைக்கும் காரணம் உண்டு. மூலநூலில் ஒவ்வோர் அத்தியாயமும் அரிச்சுவடியின் அடுத்த எழுத்தில் தொடங்குகிறது. ஆத்திசூடி படித்த நமக்கு இந்த ஒழுங்கு அந்நியமானதல்ல. மனிதர் உலகில் நடப்பவை சிவப்பு மையிலும், பந்தாசியா என்ற கற்பனை உலகில் நடப்பவை பச்சை மையிலும் அச்சாயின. எந்த உலகில் நிற்கிறோம் என்பதை வாசகரின் கண்ணே சொல்லிவிடும். இரண்டு உலகங்களும் ஒன்றோடொன்று கலந்துவிடக் கூடாது, ஆனால் ஒன்றிலிருந்து மற்றதற்குப் போய்வர வேண்டும். நூலின் தத்துவம் முழுவதும் இந்த அச்சு முறையிலேயே அடங்கியிருக்கிறது.

படம் எடுத்துக்கொண்ட பாதி

கதை சுருக்கமாக இது. வகுப்புப் பையன்களின் தொல்லைக்குப் பயந்து ஓடும் பஸ்தியான் ஒரு பழைய புத்தகக் கடைக்குள் நுழைகிறான். கடைக்காரர் கொரியாண்டர் வாசித்துக்கொண்டிருந்த புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி, பாடசாலையின் மேல்மாடப் பரணில் ஒளிந்திருந்து வாசிக்கிறான். புத்தகத்துக்குள் பந்தாசியா. அதை ‘இன்மை’ என்ற ஒன்று கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று வருகிறது. அதை ஆளும் குழந்தைப் பேரரசி நோயுற்றிருக்கிறாள். மருந்து தேடி அத்ரேயு என்ற வேட்டைக்காரச் சிறுவன் புறப்படுகிறான். மருந்து ஒன்றே ஒன்றுதான்: மனித உலகிலிருந்து ஒரு பிள்ளை அவளுக்குப் புதுப் பெயர் சூட்ட வேண்டும். வாசித்துக்கொண்டிருக்கும் பஸ்தியான்தான் அந்தப் பிள்ளை.

இதுவரைக்கும் படமும் நாவலும் ஒரே பாதையில் போவது போலத் தெரியும். கிட்டப் போய்ப் பார்த்தால் மூன்று மாற்றங்கள் கண்ணில் படுகின்றன. மூன்றும் சின்ன மாற்றங்கள்தான். ஆனால் மூன்றும் ஒரே திசையில் போகின்றன.

முதலாவது, பஸ்தியானின் உருவம். நாவலில் அவன் குள்ளமான, பருத்த, வெளிறிய பையன். விளையாட்டிலும் படிப்பிலும் பின்னுக்கு நிற்பவன். தன்னைத் தானே பிடிக்காதவன். படத்திலோ அவன் யாருக்கும் பிடிக்கக்கூடிய, பார்வைக்கு லட்சணமான சிறுவன். திரைக்கு அழகு வேண்டும் என்பதற்காகச் செய்ததாக இருக்கலாம். ஆனால் நாவலில் பந்தாசியாவுக்குள் நுழைந்தவுடன் அவனுக்குக் கிடைக்கும் முதல் வரங்களில் ஒன்று அழகு. அழகன் ஆனதும் தான் எப்படியிருந்தவன் என்பது அவனுக்கு மறந்துபோகிறது. முதலிலேயே அழகான பையனைப் போட்டுவிட்ட படத்துக்கு அந்த வரத்தையும் காட்ட ஏலாது, அதன் விலையையும் காட்ட ஏலாது.

இரண்டாவது, தெற்குத் தீர்க்கதரிசியிடம் போகும் வழியிலுள்ள வாயில்கள். நாவலில் வாயில்கள் மூன்று. முதலாவதில் இரண்டு ஸ்பிங்ஸ்கள் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கின்றன. அவற்றின் பார்வையில் சிக்கியவன் உலகத்துப் புதிர்களையெல்லாம் விடுவிக்கும்வரை நின்ற இடத்திலேயே நிற்க வேண்டியதுதான். யாரை விடும், யாரை மறிக்கும் என்பதற்கு எந்த விதியும் கிடையாது. இரண்டாவது, ஒருவனுடைய உண்மையான உருவைக் காட்டும் கண்ணாடி வாயில். மூன்றாவதற்குத் திறப்பே இல்லை. உள்ளே போக வேண்டும் என்ற ஆசை எவ்வளவு கூடுதலோ அவ்வளவு இறுக்கமாக அது மூடிக்கொள்ளும். ஆசையை முற்றாக விட்டவனுக்கு மட்டுமே திறக்கும். படத்தில் என்ன நடந்தது? ஸ்பிங்ஸ்கள் கண்ணிலிருந்து ஒளிக்கதிரைப் பாய்ச்சி ஆளைக் கொல்கின்றன. யாரைக் கொல்கின்றன? தன் மதிப்பைத் தானே உணராதவனை. அதாவது, விளங்காத ஒரு புதிரின் முன்னால் நிற்கும் பணிவை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் தன்னம்பிக்கைப் பயிற்சி வகுப்பொன்றை வைத்துவிட்டார்கள். ஆசையை விட்டவனுக்குத் திறக்கும் மூன்றாவது வாயில் படத்தில் இல்லவே இல்லை.

மூன்றாவது, ஓநாய் க்மோர்க் பேசும் இடம். நாவலில் மிகக் கனமான பக்கங்கள் இவை. இன்மைக்குள் விழும் பந்தாசியா வாசிகள் அழிந்துபோவதில்லை; மனிதர் உலகுக்கு வந்து சேர்கிறார்கள், ஆனால் பொய்களாக. மனிதருடைய மூளைக்குள் மயக்கங்களாகவும் வீண் பயங்களாகவும் குடியிருந்து, தேவையில்லாததை வாங்கச் செய்கிறார்கள், அறியாத ஒன்றை வெறுக்கச் செய்கிறார்கள். அந்தப் பொய்களை வைத்து மனிதரை ஆட்டிப்படைப்பவர்கள் இருக்கிறார்கள். க்மோர்க் அவர்களுடைய வேலைக்காரன். தகப்பனின் தூரிகையைப் பறித்த ஆட்சியைக் கண்ணால் கண்ட ஒருவர் எழுதிய பக்கங்கள் என்பதை இங்கே நினைவுபடுத்தத் தேவையில்லை. ஒரு கட்டுக்கதை ஊருக்குள் இறங்கினால் கடைகளுக்கும் வீடுகளுக்கும் என்ன ஆகும் என்று அனுபவித்த எவருக்கும் விளக்கவுரை வேண்டாம். படத்து க்மோர்க்கும் அதிகாரத்தைப் பற்றிக் கொஞ்சம் பேசுகிறான். நம்பிக்கை இழந்த மனிதரை அடக்குவது லேசு என்கிறான். பொய் என்ற கருத்து மட்டும் காணாமற் போய்விட்டது. நம்பிக்கை இழப்பது ஒரு சோகம். பொய் ஒரு குற்றம். படம் குற்றத்தைச் சோகமாக மாற்றி எழுதிவிட்டது.

படம் விட்டுவிட்ட பாதி

நாவலின் முதற் பன்னிரண்டு அத்தியாயங்களை ஒட்டியே படம் நின்றுவிடுகிறது. பேரரசி ஒரு மணல் துணிக்கையை பஸ்தியானின் கையில் கொடுக்கிறாள். எத்தனை விருப்பங்களையும் கேட்கலாம், கேட்கக் கேட்கப் பந்தாசியா செழிக்கும் என்கிறாள். அவன் கேட்பது டிராகன் மேல் ஏறிப் பறப்பதை. பறந்து தன்னுடைய ஊருக்கே வந்து, தன்னைத் துன்புறுத்திய பையன்களைத் தெருத்தெருவாக விரட்டிக் குப்பைத் தொட்டிக்குள் பாயச் செய்கிறான். பார்க்கும் பிள்ளைகள் கைதட்டுகிறார்கள். படம் முடிகிறது.

நாவலில் அந்த மணல் துணிக்கைக்குப் பிறகுதான் உண்மையான சோதனை. பேரரசியின் சின்னமான ஔரின் என்ற பதக்கம் பஸ்தியானின் கழுத்தில் இருக்கிறது. விரும்பியதைச் செய்யும்படி அதன் பின்புறத்தில் எழுதியிருக்கிறது. நினைத்ததைச் செய்ய அனுமதி கிடைத்துவிட்டது என்று பையன் துள்ளுகிறான். பாலைவனத்துச் சிங்கம் கிராவோகிராமன் அவனைத் திருத்துகிறது. உன்னுடைய மெய்யான விருப்பம் எது என்பதைக் கண்டுபிடித்து அதைச் செய் என்பதே அதன் பொருள், அதைவிடக் கடினமான பாதை வேறில்லை என்கிறது. நப்ஸ் இழுத்த பக்கம் போவதற்கும் நிய்யத்தைச் சுத்தமாக்கிக்கொள்வதற்கும் உள்ள தூரம் நமது வாசகருக்குத் தெரியும். எண்டே வேறொரு மரபிலிருந்து வந்தவர். ஆனால் அவர் அளந்து காட்டுவதும் கிட்டத்தட்ட அதே தூரத்தைத்தான்.

அழகு கேட்டான், கிடைத்தது. பலம் கேட்டான், துணிவு கேட்டான், கிடைத்தன. பெரிய கதைசொல்லி என்று எல்லோரும் புகழ வேண்டும் என்று கேட்டான், அதுவும் கிடைத்தது. ஒவ்வொன்றும் கிடைக்கும்போது அவனுடைய பழைய வாழ்க்கையிலிருந்து ஒரு ஞாபகம் கழன்று விழுகிறது. கழன்றது அவனுக்கே தெரியாது. தெரிந்தவன் அத்ரேயு. அவன் எச்சரிக்கிறான். சூனியக்காரி க்சாயிதேயோ புகழ்ந்து பேசுகிறாள். பஸ்தியான் யாருடைய சொல்லைக் கேட்டிருப்பான்? கடைசியில் பந்தாசியாவுக்குப் பேரரசனாக முடிசூட ஆயத்தமாகிறான். தடுக்க வந்த அத்ரேயுவை, தன்னை இங்கே கொண்டுவந்து சேர்த்த அதே நண்பனை, வாளால் நெஞ்சில் காயப்படுத்துகிறான். சிறுவர் நாவல் என்று அட்டையில் போட்டு விற்கும் ஒரு நூலில் கதாநாயகன் இவ்வளவு தூரம் கீழே விழுவதை நான் வேறெங்கும் வாசித்ததில்லை.

அவன் விழுந்து கிடக்கும் இடம் ‘பழைய பேரரசர்களின் நகரம்’. அவனைப் போலவே ஆசைப்பட்டு ஆசைப்பட்டு ஞாபகங்களை முழுதாகத் தொலைத்த மனிதர்கள் அங்கே வாழ்கிறார்கள். எழுத்துகள் பொறித்த தாயக்கட்டைகளை நாள் முழுவதும் உருட்டிக்கொண்டிருக்கிறார்கள். இறந்தகாலம் இல்லாதவனுக்குக் கதை இல்லை, எழுத்து மட்டுமே மிஞ்சும். தமிழ் படிப்பிக்கும் எனக்கு இந்தக் காட்சி தனியாகவே சுடுகிறது. நினைவில்லாத மொழி எப்படியிருக்கும் என்று கேட்டால் இதைத்தான் காட்டுவேன்.

அங்கிருந்து திரும்பும் பயணம் மெதுவானது. ஐயுவோலா என்ற தாய்மை நிறைந்த பெண்ணின் வீட்டில் ஒரு பிள்ளையாக மறுபடி வளர்கிறான். அங்கே அவனுக்குள் கடைசி விருப்பம் பிறக்கிறது: அன்பு செலுத்த வேண்டும். இதுவரை கேட்டவையெல்லாம் பெறுவதற்கான விருப்பங்கள், இது கொடுப்பதற்கானது. அதற்குப் பிறகு யோர் என்ற குருட்டுச் சுரங்கத் தொழிலாளியிடம் போய், மறந்துபோன கனவுகள் படங்களாகப் புதைந்து கிடக்கும் சுரங்கத்துக்குள் நாட்கணக்காகக் குனிந்து தேடுகிறான். ஈற்றில் ஒரு படம் கிடைக்கிறது. வெள்ளை மேலங்கி அணிந்த ஒரு மனிதர், கையில் சாந்தினால் செய்த பல்வரிசை அச்சு, உடம்பைச் சுற்றி ஊடுருவித் தெரியும் பனிக்கட்டி. அவர் யாரென்று பஸ்தியானுக்குத் தெரியாது. வாசகருக்குத் தெரியும். பல் கட்டும் தொழில்நுட்பவியலாளரான அவனுடைய தகப்பன். மனைவியைப் பறிகொடுத்த துக்கத்தில் உறைந்துபோன தகப்பன்.

அந்த ஒரு படத்தை வைத்துக்கொண்டுதான் அவன் வாழ்வின் நீரூற்றை அடைகிறான். அங்கே அவன் தொடங்கி வைத்து முடிக்காமல் விட்ட கதைகளுக்கெல்லாம் பிணை நிற்பவன், காயம் பட்ட அதே அத்ரேயு. பஸ்தியான் வீடு திரும்புகிறான். தகப்பனுக்குக் கொண்டுவந்த நீர் வழியிலேயே சிந்திப் போகிறது. ஆனால் மகன் எல்லாவற்றையும் சொல்லச் சொல்ல, தகப்பன் கேட்டுக்கொண்டேயிருக்கிறார். கடைசியில் அவர் கண்ணில் நீர் வருகிறது. பனிக்கட்டி உருகிவிட்டது. மறுநாள் புத்தகக் கடைக்குப் போய், நான்தான் திருடினேன் என்று பையன் தானாகவே சொல்கிறான்.

இந்த முடிவையும் குப்பைத் தொட்டி முடிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் பிள்ளை கற்பனையிலிருந்து தன் வீட்டுக்கு அன்பைக் கொண்டுவருகிறான். மற்றதில் பழிவாங்குவதற்கு ஒரு வாகனத்தைக் கொண்டுவருகிறான். பந்தாசியாவின் உயிர் மனிதர் தெருவுக்குள் இப்படி இழுத்துவரப்பட்டால் என்னவாகும் என்று நாவலின் க்மோர்க்கிடம் கேட்டிருந்தால் அவன் சிரித்திருப்பான்.

ஜிஜி முன்பே அறிந்தது

படத்துக்கு அந்நாளில் சுமார் 60 மில்லியன் மார்க் செலவானது. அதுவரை ஜேர்மனியில் எடுக்கப்பட்ட படங்களில் இதுவே ஆகக் கூடிய செலவு. உலகச் சந்தையைக் கருதி ஆங்கிலத்திலேயே எடுத்தார்கள். திரைக்கதையைப் பார்த்த எண்டே கொதித்துப் போனார். படத்தை எதிர்த்து நீதிமன்றம் வரை போய்த் தோற்றார். ஓர் எழுத்தாளரின் பிடிவாதம் என்று அதைத் தள்ளிவிடுவோர் உண்டு. ‘மோமோ’வை வாசித்தவருக்கு அப்படித் தள்ள மனம் வராது. ஏனெனில் இந்தப் படத்துக்குப் பதினோர் ஆண்டுகளுக்கு முன்பே எண்டே அந்த நாவலில் இதே விபத்தை எழுதி வைத்திருக்கிறார்.

‘மோமோ’வின் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். பாழடைந்த வட்ட அரங்கொன்றில் தனியே வாழும் அநாதைச் சிறுமி. அவளிடமுள்ள ஒரே திறமை, மற்றவர் பேசுவதைக் கேட்பது. அவள் கேட்டால் சண்டைக்காரர் சமாதானமாவார்கள், யோசனை வராதவருக்கு யோசனை வரும். அந்த நகரத்துக்குள் சாம்பல் நிற மனிதர்கள் வருகிறார்கள். நேர சேமிப்பு வங்கியின் முகவர்கள் என்று சொல்லிக்கொள்கிறார்கள். ஃபூசி என்ற முடிதிருத்துநரிடம் வந்தவர் கண்ணாடியில் கணக்கெழுதிக் காட்டுகிறார்: 42 வயதுக்கு 132 கோடி 45 இலட்சத்துப் 12 ஆயிரம் விநாடிகள். காது மந்தமான தாயோடு கதைத்திருந்தது நட்டம். நடக்க ஏலாத தாரியாவுக்கு நாள்தோறும் ஒரு பூ கொண்டுபோய்க் கொடுத்தது நட்டம். இதையெல்லாம் நிறுத்திச் சேமித்தால் ஐந்தாண்டில் இரட்டிப்பாகத் திருப்பித் தருவோம் என்கிறார். வட்டியின் பசப்பு மொழி எப்படியிருக்கும் என்பதை இதைவிட எளிமையாக ஒரு சிறுவர் நூல் சொல்லிவிட முடியாது. பணம் தானாகவே பெருகும் ஒழுங்கைக் கேள்விக்குட்படுத்திய சில்வியோ கெசெலின் பொருளாதாரச் சிந்தனை இந்நாவலின் பின்னணியில் உண்டென்பதை எண்டேயே ஒப்புக்கொண்டிருக்கிறார். வட்டியை விலக்கிய மார்க்கத்தவர்களாகிய நமக்கு இந்நூல் இன்னும் நெருக்கமாக இருந்திருக்க வேண்டும்.

சேமித்த நேரம் எங்கே போகிறது? அந்த மனிதர்கள் அதைச் சுருட்டாகச் சுருட்டிப் புகைத்துவிடுகிறார்கள். பெரியவர்களுக்கு நேரமில்லாது போனதும் பிள்ளைகளை ஒழுங்காகப் பராமரிக்கும் இடங்களில் சேர்க்கிறார்கள். அங்கே பயனுள்ளதை மட்டும் படிப்பிக்கிறார்கள். விளையாட்டு மறந்துபோகிறது. பாடசாலை முடிந்து ஒரு ரியூசன், அது முடிந்து இன்னொரு ரியூசன் என்று ஓடும் எங்கட பிள்ளைகளின் முகங்கள் இந்தப் பக்கங்களில் எனக்குத் தெரிகின்றன.

மோமோவின் நண்பர்களில் ஒருவன் ஜிஜி. கதை சொல்லிப் பிழைக்கும் ஏழை இளைஞன். அவனைச் சாம்பல் மனிதர்கள் பிரபலமாக்கிவிடுகிறார்கள். கதைக்குக் கதை கேட்டுத் தொலைக்காட்சிக்காரர்கள் நெருக்குகிறார்கள். இருந்த கதையெல்லாம் தீர்ந்ததும், மோமோவுக்கு மட்டும் என்று வைத்திருந்த கதையையும் விற்றுவிடுகிறான். அதுவும் முடிந்ததும், பழைய கதைகளுக்கே பெயரை மாற்றிச் சொல்கிறான். யாரும் கவனிப்பதில்லை, வரவேற்பு கொஞ்சமும் குறைவதில்லை. அவன் மட்டும் உள்ளுக்குள் வெறுமையாகிப் போகிறான். பெயர் அதே, டிராகன் அதே, உள்ளே இருந்தது வேறு. கவனித்தவர் யார்? 1984இல் எண்டேயின் கோபத்தை விளங்கிக்கொள்ள ஜிஜியே போதும்.

ஏனைய நூல்களிலும் இதே இழையைப் பார்க்கலாம். ‘ஜிம் நொப்’பில், பார்சலில் வந்து இறங்கிய கறுப்பினக் குழந்தையே கதாநாயகன். கலப்பில்லாத டிராகன்களுக்கு மட்டுமே இடமுண்டு என்று அறிவிக்கும் ஒரு டிராகன் நகரம் அதில் வருகிறது. அந்த அறிவிப்பு எந்த ஆட்சியின் குரல் என்று ஜேர்மன் வாசகருக்குச் சொல்லத் தேவையிருந்திராது. அதே நாவலில் துர் துர் என்றொரு விநோத மனிதர். தூரத்தில் நின்று பார்த்தால் மலை போன்ற பூதம். கிட்டப் போகப் போகச் சிறுத்து, பக்கத்தில் வந்தால் எல்லோரையும் போல ஒரு சாதாரண மனிசன். பயந்து ஓடுகிறவருக்கு இது ஒருநாளும் தெரியவராது. 1989இல் வந்த விருப்பப் பானம் பற்றிய நாவலில் ஒரு மந்திரவாதியும் சூனியக்காரியும் ஆண்டு முடிவதற்குள் செய்து முடிக்க வேண்டிய தீமைகளின் கணக்கு பாக்கி நிற்கிறது. அவர்கள் காய்ச்சும் பானம் நல்ல விருப்பத்தைக் கேட்டுத் தீய விளைவைத் தரும். எண்டே விருப்பத்தை ஒருபோதும் லேசான பொருளாக எழுதவில்லை. தகப்பனின் ஓவியங்களோடு அவர் வெளியிட்ட ‘கண்ணாடிக்குள் கண்ணாடி’ என்ற கதைத் தொகுதி வந்தது 1984இல், படம் வந்த அதே ஆண்டில். உலகம் திரையில் டிராகனைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எழுத்தாளர் தன் தகப்பனிடம் திரும்பிப் போயிருந்தார்.

படத்தின் பக்கத்து நியாயம்

படத்தில் ஒன்றுமே இல்லை என்று சொல்வது அநியாயம். கணினி உருவங்கள் வராத காலத்தில் கையால் செய்த பொம்மைகளுக்கு உயிர் கொடுத்தார்கள். துயரச் சேற்றில் குதிரை ஆர்டக்ஸ் அமிழ்ந்து போகும் காட்சியைச் சிறுவயதில் பார்த்தவர்கள் இன்றும் மறக்கவில்லை. நண்பர்களைக் காப்பாற்ற ஏலாமற்போன கல் தின்னி, தன்னுடைய பெரிய கைகளையே பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் இடம் எந்த நல்ல படத்திலும் இருக்கத்தக்கது. பீட்டர்சன் திறமையில்லாதவர் அல்லர். நீர்மூழ்கிக் கப்பலின் மூச்சுமுட்டலைத் திரைக்குக் கொண்டுவந்த ‘தஸ் போட்’ (1981) அவருடையதே. ஒரு நாவலின் எல்லாவற்றையும் ஒரு படத்துக்குள் அடைக்கவும் ஏலாது.

ஆனால் பாதியை எடுத்துக்கொள்வது வேறு, பாதியை முழுமை என்று முடித்துவைப்பது வேறு. 1990இல் வந்த இரண்டாவது படம் விட்ட பாதியைக் கொஞ்சம் தொட்டது. விருப்பத்துக்கு ஞாபகம் விலையாவதும் அதில் வருகிறது. எப்படி? க்சாயிதே ஒரு இயந்திரம் வைத்து ஞாபகங்களைத் திருடுகிறாள். நாவலில் திருடன் என்று ஒருவரும் இல்லை. பஸ்தியானின் விருப்பமே அவனுடைய ஞாபகத்தைத் தின்கிறது. பழியை வெளியே ஒரு வில்லியின் தலையில் போட்டதும் பையன் சுத்தமாகிவிட்டான், கதை செத்துவிட்டது. 1986இல் யோஹான்னஸ் ஷாஃப் எடுத்த ‘மோமோ’ படம் இவற்றைவிட அடக்கமானது, மூலத்துக்கு நெருக்கமானது. ரயில் பயணியாக எண்டேயே அதில் தோன்றுகிறார். அதை எங்கட பக்கம் பார்த்தவர்கள் குறைவு.

என் வகுப்புப் பிள்ளைகளுக்கு முதலாவது படத்தைக் காட்டிவிட்டு, கதையை இதற்குமேல் நீங்கள் தொடருங்கள் என்று கட்டுரைப் பயிற்சி கொடுத்தேன். பெரும்பாலான பிள்ளைகள் டிராகனில் ஏறிப் போய் யாரையாவது தண்டித்தார்கள். பிள்ளைகளைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? படம் காட்டிக் கொடுத்த வழி அது. அடுத்த வாரம் ரால்ஃப் மன்ஹைமின் ஆங்கில மொழிபெயர்ப்பிலிருந்து சுரங்கக் காட்சியைத் தமிழில் சொல்லிக் காட்டினேன். வகுப்பு அமைதியாக இருந்தது. பிறகு எழுதியவற்றில் தண்டனைகள் குறைந்திருந்தன, வீடுகள் வந்திருந்தன.

ஆகவே ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். படத்தைத் தடுக்க வேண்டாம், பிள்ளைகள் பார்க்கட்டும். படம் முடிந்ததும் பதின்மூன்றாம் அத்தியாயத்திலிருந்து நாவலை அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள், அல்லது உங்கள் சொந்தத் தமிழில் சொல்லுங்கள். கற்பனைக்குள் போவது எப்படி என்பதைப் பிள்ளைக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. அங்கிருந்து என்னத்தை, யாருக்காக எடுத்துக்கொண்டு வருவது என்பதைத்தான் படிப்பிக்க வேண்டியிருக்கிறது. வேலை முடிந்து வந்த ஒரு தகப்பன் வீட்டில் அதற்காகக் காத்துக்கொண்டிருக்கிறார்.